துலா மாதத்துத் தாமிர பாய்லர்

அந்த ஐப்பசியில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில், விடிந்தும் விடியாத நேரத்தில், சுவருக்குள்ளே யாரோ உலக்கை போடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் குடுகுடுவென்று ஓர் உறுமல். பிறகு ஒன்றுமே இருக்காது. அப்பாடா, நின்றது என்று மூச்சு விடுவதற்குள் டமால்! சுவர் அதிரும், மாடத்தில் இருக்கிற குங்குமச் சிமிழ் உருண்டு கீழே விழும். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் நாத்தனாரின் கட்டில் கிடந்தது. அவள் எட்டு மாதக் கர்ப்பிணி.

அதற்கு முன் இரண்டு தடவை அவளுக்குத் தங்கவில்லை. இரண்டும் ஏழாம் மாதத்தில் போயின. இந்தத் தடவை ஐந்தாம் மாதமே புகுந்த வீட்டார் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். விட்ட தோரணையைப் பார்த்தாலே தெரிந்தது, குழந்தையோடு வந்தால் வா, இல்லாவிட்டால் அங்கேயே இரு என்பதுதான் அர்த்தம். திருச்சியில் அவளைப் பார்த்த லேடி டாக்டர், "படுத்தே இருக்கணும். அதிர்ச்சி எதுவும் கூடாது" என்று என் மாமியாரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதிர்ச்சி கூடாதாம்! இங்கே தினம் காலையில் சுவரே வெடிக்கிறது. ஒவ்வொரு டமாலுக்கும் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மன்னி, கல்லாட்டமா இறுகிடுத்து. அசையவே மாட்டேங்கறது" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கை வைத்துப் பார்ப்பேன். உள்ளே சின்னதாக ஓர் உதை தெரிகிற வரைக்கும் எனக்கு உயிரே இருக்காது.

வேறு அறையில் படுக்க வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் அந்த வீட்டில் ஒழுகாத படுக்கையறை அது ஒன்றுதான். குளிக்கிற அறையும் அதை ஒட்டியே இருந்ததால் அவள் நாலு அடி நடந்தால் போதும். அந்தச் சௌகரியத்துக்காகவே அந்த அறையை அவளுக்குக் கொடுத்தோம்.

சத்தத்துக்குக் காரணம் என் கணவர் செய்துவைத்த தாமிர பாய்லர். அறுபதுகளின் ஆரம்பத்தில் பாய்லர் ஒன்றும் அதிசயமில்லை. நடுக்குழாயில் கரியைப் போட்டு, மேலே தண்ணீரை ஊற்றி, கீழே பிடித்துக்கொள்கிற பாய்லர் பல வீட்டில் இருந்தது. ஆனால் இவருக்கு அது போதவில்லை. திருச்சியில் ஓர் ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். கையில் பென்சில் இருந்தால் சும்மா இருக்க முடியாது. தங்கை வருகிறாள், அவள் குனிந்து நிமிராமல் குளிக்கணும் என்று ஆரம்பித்து, பெரிய பாய்லராகச் செய்யச் சொல்லி, அதை அவள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெந்நீர் உள்ளில், அதாவது தண்ணீர் காய்ச்சுகிற அறையில், நிறுத்தினார். மேலே பரணில் ஒரு தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி பாய்லரின் அடியில் சேரும். சுட்ட தண்ணீர் வேறொரு குழாயில் சுவரைத் தாண்டிப் போய்க் குளிக்கிற அறைக் குழாயில் வரும். ஆவி வெளியே போவதற்கு பாய்லரின் தலையிலிருந்து தனியாக ஒரு குழாய், தொட்டிக்கும் மேலே, கூரைக்கடியில் போய்க் குடைக்காம்பு மாதிரி வளைந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். குழாயைத் திறந்தால் வெந்நீர்! தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

என் மாமியார் மட்டும் அந்த வெந்நீரைத் தொடவில்லை. பரண் தொட்டிக்கு முனிசிபல் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது, தோலில் பட்ட தண்ணீர் மடி ஆசாரத்துக்கு ஆகாது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அவருக்குக் கிணற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் காவேரி. மடியென்றால் அவருக்கு மூச்சு மாதிரி. முதல் நாள் சாயங்காலம் நனைத்துப் பிழிந்த ஒன்பது கஜத்தை உயரக் கொடியில் கோலால் எடுத்துப் போட்டுவிடுவார். மறுநாள் குளித்துவிட்டு வந்து அவரேதான் எடுத்து உடுத்திக்கொள்வார். நடுவில் குளிக்காத யாரும், அதாவது விழுப்போடு இருக்கிற யாரும், அதன் பக்கத்தில் போகக் கூடாது. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து காலையில் அவர் விரல்கூட என் மேல் பட்டதில்லை. ஒதுங்கிப் போ, தள்ளி நில், இதுதான் எனக்குச் சுப்ரபாதம்.

அந்த வருஷம் அவர் மகளுக்காக ஒரு விரதம் எடுத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி, அதாவது துலா மாதம் முழுக்க, ஒரு நாள் விடாமல் விடியற்காலையில் அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவேரியில் ஸ்நானம். திரும்பி வந்து மடி உடுத்தி, தாயார் சந்நிதியில் நெய்விளக்கு. ஒரு நாள் மடி கெட்டாலும் விரதம் போச்சு. மறுபடி எடுக்க அடுத்த ஐப்பசிதான் வரவேண்டும். குழந்தை அதுவரை காத்திருக்குமா? அதனால் அந்த மாதம் வீடே நுனிக்காலில் நடந்தது.

ஐப்பசி மழையோ விடாமல் கொட்டியது. கொல்லையில் போட்ட துணி எதுவும் உலரவில்லை. மாமியார் தன் மடிக்கொடியை வெந்நீர் உள்ளுக்குள் மாற்றிக் கட்டிக்கொண்டார்; வெயில் அடித்தால் மட்டும் புடவை கொல்லைக்குப் போகும். விடியற்காலையில் எழுந்ததும் கிணற்றடியில் ஒரு தடவை குளித்துவிட்டு, பாய்லரில் கரியைப் போட்டு மூட்டிவிட்டு, வெந்நீர் உள் கதவைச் சங்கிலி போட்டுச் சாத்திவிட்டுக் காவேரிக்குப் புறப்படுவார். அவர் திரும்பி வந்து மடி எடுத்துக்கொள்கிற வரைக்கும் அந்தக் கதவை யாரும் தொடக் கூடாது. அதற்குள் சத்தம் வந்து, எங்கள் உயிரை எடுத்துவிட்டு, அவர் வந்த கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கியும் போகும்.

பாய்லர் செய்த செம்புக் கன்னாரைத் திருச்சியிலிருந்து கூட்டிவந்தார் என் கணவர். வாய்க்கு வெற்றிலை, பேச்சுக்குக் குறைவில்லாத மனிதர். மத்தியானம் வந்து பாய்லரை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார்.

"உள்ளாற சுண்ணாம்பு கட்டிப்போச்சுங்க. தண்ணி அதுக்கு அடியில மாட்டிக்கிட்டுக் குதிக்குது. வேற ஒண்ணுமில்லீங்க. புளிக்கரைசல் ஊத்தி ஊற வெச்சா பல்லு விளக்கின மாதிரி ஆயிடும்."

சும்மா சொல்லக் கூடாது, சுண்ணாம்பு இருக்கத்தான் இருந்தது. ஒரு வாளி நிறைய வெள்ளை வெள்ளையாகச் சுரண்டி எடுத்தார். அடுத்த நாள் காலை சத்தமே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாத்தனார் நன்றாகத் தூங்கி எழுந்து, "மன்னி, இன்னிக்கு நிறைய உதைச்சுது!" என்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் கணவர் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். கன்னாருக்கு வேட்டி வாங்கித்தர வேண்டும் என்றுகூடப் பேச்சு நடந்தது.

பிறகு மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மறுநாளே டமால்! முன்னைவிட மோசமான டமால்.

கன்னார் திரும்ப வந்தார், மத்தியானம்தான் வந்தார். கரி போட்டுக் காய்ச்சிப் பார்த்தார். பாய்லர் பெட்டிப் பாம்பாக இருந்தது. தண்ணீர் கொதித்து ஆவிக்குழாயிலிருந்து புஸ்ஸென்று புகை மாதிரி வந்தது. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பாய்லர்ல கோளாறே இல்லீங்க. வீட்லதான் ஏதோ கோளாறு. யாரையாச்சும் வெச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். வேட்டிப் பேச்சு அத்தோடு நின்றது. எதிர்வீட்டு மாமி தன் பங்குக்குப் பிரம்மராட்சசு என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறதா பார்!

எனக்குக் கோபம் வந்தால் மண்டை வேலை செய்யும். அது என் சுபாவம். அடுப்படியில் நின்றுகொண்டு யோசித்தேன். விடியற்காலையில் சத்தம் போடுகிற பாய்லர் மத்தியானம் போடவில்லை. கரியும் அதேதான், தண்ணீரும் அதேதான். மழை நாளில் போடுகிறது, வெயில் நாளில் போடவில்லை. புளி ஊற்றிய அந்த இரண்டு மூன்று நாளும் நல்ல வெயில். அப்படியானால் புளிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மழைக்கும் மூடிய அறைக்குள் இருக்கிற பாய்லருக்கும் என்ன சம்பந்தம்? மழை வந்தால் அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது. மாமியாரின் மடிப்புடவை உள்ளே வருகிறது. தொங்குகிற புடவை பாய்லரை என்ன செய்யும்? அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. சத்தம் போடுகிற நேரத்தில் அதன் முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்! அந்த நேரத்தில்தான் கதவைத் தொடக் கூடாது.

மாமியாரிடமே கேட்டேன். "அம்மா, ஒரே ஒரு நாள் நீங்க காவேரிக்குப் போயிருக்கறச்சே நான் உள்ளே நின்னு பார்க்கறேனே? கிணத்தடியில குளிச்சுட்டே போறேன்."

"வேண்டாம்டி. விரதத்து மடி. என்னைத் தவிர யாருக்கும் அங்கே வேலையில்லை. மாசம் முடியட்டும், அப்புறம் நீயாச்சு உன் பாய்லராச்சு."

"அதுக்குள்ளே அவளுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?"

"வாயைக் கழுவுடி! அவளுக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னுதானே நான் இந்தக் குளிர்ல போய் முழுகறேன்?" அந்த அம்மாளுக்கு ஏற்கெனவே முட்டி வலி, இருமல். அந்த மழையில் தினம் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்தார். பெற்ற வயிறு.

பாய்லரை மூட்டவே வேண்டாம் என்று என் கணவரிடம் சொன்னேன். "ஈர விறகு வெச்சு ஊதி, வீடெல்லாம் புகையாக்கி, அவளை இரும வெக்கப் போறியா?" என்று சீறினார். சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மறுநாள் அவர் ஆபீஸ் வேலையாக மருங்காபுரிப் பக்கம் போய்விட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்தான்.

ஐப்பசியின் கடைசி நாள், கடைமுழுக்கு. அன்று காவேரியில் கூட்டம் தாங்காது என்று தெரியும். மாமியார் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே பாய்லரை மூட்டி, சங்கிலியைப் போட்டுவிட்டுப் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். விரதத்தை முடிக்கக் குடத்தில் காவேரித் தண்ணீர் கொண்டுவர வேண்டும். மழை சாரலாகப் பெய்துகொண்டிருந்தது. நான் நாத்தனாரின் கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்று ஒரு நாள்தான், நாளையிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்கும் சொல்லி எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

உறுமல் ஆரம்பித்தது. டமால். கொஞ்சம் விட்டு, டமால். குழாய் சுவரோடு சேர்ந்து ஆடியது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் மாமியார் வந்துவிடுவார், சத்தம் அடங்கிவிடும். அன்று வரவில்லை. வாசலுக்கு ஓடிப் பார்த்தேன், தெருவில் ஆள் இல்லை. டமால், டமால், டமால் என்று மூச்சு விடாமல் அடித்தது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துச் சுருண்டாள். "மன்னி, முதுகுல வலிக்கறது." போன இரண்டு தடவையும் முதுகு வலியில்தான் ஆரம்பித்தது.

அப்புறம் திடீரென்று சத்தம் நின்றது.

அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. கரி கனன்றுகொண்டுதான் இருக்கிறது, மாமியார் வரவில்லை. பின் ஏன் நின்றது? குளிக்கிற அறைக்குப் போய்க் குழாயைக் கொஞ்சம் திருகினேன். தண்ணீர் வரவில்லை. உஸ்ஸென்று வெறும் ஆவி சீறியது. சட்டென்று மூடினேன். பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது. உள்ளே தண்ணீரே இல்லை! போகவேண்டிய வழியில் போக முடியாத ஆவி, தண்ணீரை வந்த வழியே தொட்டிக்குத் தள்ளிவிட்டது. அது திரும்ப விழும்போதெல்லாம்தான் அந்த இடி. இப்போது மொத்தத்தையும் தள்ளிவிட்டு வெறும் தாமிரம் காய்ந்துகொண்டிருக்கிறது. பழுக்கக் காய்ந்த இருப்புச் சட்டியில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மேலே இருப்பதோ ஒரு தொட்டித் தண்ணீர். அது இறங்கினால் பாய்லர் வெடிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் இவள் தலைமாடு.

"எழுந்திரு. வாசல் கூடத்துக்குப் போ."

"அங்கே ஒழுகறதே, மன்னி."

"ஒழுகட்டும்! நனைஞ்சா துடைச்சுக்கலாம். போடி!" வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை அதட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தாள். அவள் நடக்கிற வேகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கி எறிந்துவிடலாமா என்று இருந்தது. அவள் கூடத்தைத் தாண்டியதும் ஓடினேன்.

வெந்நீர் உள் கதவு. பல் தேய்த்திருந்தேன், அவ்வளவுதான். குளிக்கவில்லை. முதல் நாள் உடுத்திய புடவை. சங்கிலியில் கை வைத்ததும் ஒரு கணம் நின்றேன், பொய் சொல்லமாட்டேன். ஒரு மாத விரதம், கடைசி நாள், இதனால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் என் தலையில்தான் விடியும். பெருமாளே, நீயே பார்த்துக்கோ என்று சங்கிலியைத் தட்டினேன்.

உள்ளே நெருப்பு வாசனை. பாய்லரின் இடுப்பில் பற்றவைத்த இடத்தில் ஈயம் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் காரியமாகத் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாயைத் திருகி மூடினேன். அடுத்து அடித்தட்டைக் கொக்கியால் இழுத்துக் கரி முழுவதையும் தரையில் கொட்டினேன். தணல் என் கால்பக்கம் சிதறியது. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன்.

ஆவிக்குழாயின் வாயில் ஒரு துணிப்பந்து. கெட்டியாகச் சுருட்டி, கோல் நுனியால் இறுக்கி அடைத்த பழந்துணி. இழுத்து எடுக்க வசதியாக அதற்கு ஒரு நீள வாலும் விட்டிருந்தது. அதற்கு நேர் கீழே மடிப்புடவை.

பார்த்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆவி குளிர்ந்து குழாய் வாயிலிருந்து சொட்டும். அது தோல் வாஷரில் பட்டு வந்த தண்ணீர். ஒரு சொட்டு புடவையில் விழுந்தால் மடி போச்சு, விரதம் போச்சு. அதனால் புடவை தொங்குகிற வரைக்கும் அதை அடைத்துவைத்திருக்கிறார். திரும்பி வந்து புடவையை எடுத்ததும் பந்தையும் எடுத்துவிடுவார். மத்தியானம் கன்னார் பார்க்கும்போது அடைப்பு எங்கே இருக்கும்?

வாலை எட்டிப் பிடித்தேன். நடுவில் புடவை மறைத்தது. விலக்கித் தள்ளினேன், மொத்தமும் சரிந்து தணலிலும் சாம்பலிலும் விழுந்தது. இரண்டு கையாலும் வாலைச் சுற்றி இழுத்தேன். பந்து வந்துவிட்டது. கூடவே ஆவியும் வந்தது. என் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று. நான் கத்தின கத்தல் எதிர்வீட்டு மாமிக்குக் கேட்டிருக்கும்.

"யாரைக் கேட்டுண்டு உள்ளே போனே?"

வாசல்படியில் மாமியார். ஈரப்புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. இடுப்பில் காவேரித் தண்ணீர்க் குடம். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, சாம்பலில் கிடந்த புடவையைப் பார்த்தது. "பாவி! பாவி! கடைசி நாள்டி! கரையேற ஒரு அடி இருக்கறச்சே தள்ளிட்டியே!"

வலியும் கோபமும் சேர்ந்து எனக்குக் கண்மண் தெரியவில்லை. துணிப்பந்தை அவர் காலடியில் விட்டெறிந்தேன். "இதைப் பாருங்கோ! ஆவி போற வழியை அடைச்சு வெச்சுட்டுப் போயிருக்கேள். பாய்லர் உருகி நிக்கறது. அந்தச் சுவத்துக்கு அந்தண்டை யார் படுத்திண்டிருக்கான்னு தெரியுமோன்னோ? மாசம் முழுக்க அவ வயித்துல இடிச்சது நீங்கதான், அம்மா! நீங்கதான்!"

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர் துணிப்பந்தைப் பார்த்தார். ஈயம் சொட்டுகிற இடத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். "அவ எங்கே?" என்றார்.

"நான் இங்கேதான் இருக்கேன்மா" என்று நாத்தனார் கூடத்திலிருந்து சொன்னாள். "உதைக்கறது. நன்னா உதைக்கறது."

மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் என் கையைக் கண்டார். தோல் சிவந்து அங்கங்கே கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது. வாசல்படியைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார். நான் பழக்கதோஷத்தில் பின்னால் நகர்ந்தேன். "அம்மா, விழுப்பு" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. என் முழங்கையைத் தன் கையால் பிடித்தார். குடத்தைச் சாய்த்து, விரதம் முடிக்கக் கொண்டுவந்த காவேரித் தண்ணீரை என் கைமேல் ஊற்றினார். அவசரமில்லாமல், குடம் காலியாகிற வரைக்கும் ஊற்றினார். நான் சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதேன். அவர் உடுத்த மாற்று மடியில்லை. "உன் புடவை ஏதாவது இருந்தா குடு" என்றார்.

அன்று சாயங்காலமே முதுகுவலி நின்றது. ஆவிக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்விட்டார் என் கணவர். இடுப்பைத் திரும்பப் பற்றவைத்த பாய்லர் அப்புறம் ஒரு நாளும் இடிக்கவில்லை. மார்கழியில், நாள் நிறைந்து, பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் புண்யாஹவாசனத்துக்கு வந்த உறவுக்காரர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு மாமியாரைக் கொண்டாடினார்கள். "எல்லாம் நீங்க துலா ஸ்நானம் பண்ணின பலன், மாமி. அந்த விரதம்தான் காப்பாத்தித்து."

மாமியார் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "விரதம் முடியலை" என்றார். "கடைசி நாள் என் மாட்டுப்பொண் விழுப்போட வெந்நீர் உள்ளே போனா. இது அதோட பலன்."